கடலோரப் பங்கும் மார்க்கண்டேய நதிக்கரையும்

ஸ்காட்லாந்து தேசத்தின் வடகோடியில், தர்ஸோ என்னும் கடற்கரை ஊரிலே பிறந்து, அவ்வூர்க் கோட்டைக்கும் அதைச் சூழ்ந்த பெருநிலங்களுக்கும் உரிமை பூண்டிருந்த ஸர் ஜான் ஸின்கிளேர் என்னும் பிரபு, 1790-ஆம் ஆண்டில் தம் நாட்டின் ஒவ்வொரு திருச்சபைப் பங்கின் போதகருக்கும் 160 வினாக்கள் அடங்கிய கடிதம் ஒன்றை அனுப்பி, அவரவர் பங்கின் விருத்தாந்தத்தை எழுதித் தருமாறு வேண்டிக்கொண்டார். மண் எத்தகையது, மழை எவ்வளவு, என்ன விளைகிறது, கடலில் என்ன மீன் அகப்படுகிறது, கூலி என்ன, பிறப்பு எத்தனை, இறப்பு எத்தனை, ஏழைகள் எத்தனை பேர், அவர்களைப் போஷிப்பவர் யார், ஜனங்கள் பேசும் பாஷை எது, பழைய கற்களும் கோட்டைகளும் எவை என்றெல்லாம் விரிந்த அவ்வினாக்களுக்கு, சிலர் உடனே விடை எழுதினர். பலர் ஆண்டுக்கணக்கில் தாமதித்தனர். சிலருக்கு அவர் திரும்பத் திரும்ப எழுதி மன்றாட வேண்டியிருந்தது. சில இடங்களுக்குத் தம் செலவிலேயே ஆட்களை அனுப்பவும் நேர்ந்தது. ஆயினும் 1791 முதல் 1799 வரையில் 21 தொகுதிகளாக அந்நூல் வெளிவந்து நிறைவெய்தியபோது, 938 பங்குகளில் ஒன்றுகூட விடுபடாமல், ஒரு தேசம் முழுவதும் தன் சிற்றூர்களின் வாயாலேயே தன்னை விவரித்துக்கொண்ட அபூர்வமான காரியம் கைகூடியிருந்தது.

பங்கு என்பது அந்நாட்டில் ஆராதனைக்கு மட்டும் உரிய வட்டாரம் அன்று. போதகரும் மூப்பர்களும் கூடிய சபை, ஊர் ஏழைகளுக்குப் படியளந்தது. ஒழுக்கம் தவறியவரை அழைத்து விசாரித்தது. 1696-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பங்குதோறும் பள்ளிக்கூடம் நடத்தப்படுகிறதா என்று மேற்பார்வை செய்தது. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைத்தது. நம் கிராமங்களில் கர்ணம், மணியக்காரர், கோயில் தர்மகர்த்தா, பஞ்சாயத்தார் எனப் பலர் பகிர்ந்துகொண்ட காரியங்கள் அங்கே ஒரே மேஜையின் மேல் வந்து சேர்ந்தமையால், அந்த மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருந்த போதகருக்குத் தம் ஊரைப் பற்றித் தெரியாதது அநேகமாக எதுவும் இல்லை.

இவ்விஷயத்தைக் கிருஷ்ணகிரி ஜில்லாவின் வேப்பனப்பள்ளியிலிருந்து எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஸின்கிளேர் தம் வினாக்களுக்கு விடை திரட்டிக்கொண்டிருந்த அதே எட்டொன்பது ஆண்டுகளில்தான், கிழக்கே ஆந்திரத்துக் குப்பத்தையும் வடக்கே கன்னட நாட்டுக் கோலார்ச் சீமையையும் எல்லையாகக் கொண்டு, மார்க்கண்டேய நதியின் இருமருங்கும் கேழ்வரகும் மாவும் விளைவித்து வாழும் இப்பிரதேசமும், இதைத் தன்னுள் அடக்கிய பாராமகால் என்னும் சீமையும், முதன்முறையாக வயல் வயலாக அளக்கப்பட்டு, குடி குடியாக எழுதப்பட்டன. எழுதியவர்களில் தலைசிறந்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். ஆனால் அங்கே எழுதியவர் ஊரோடு வாழ்ந்த போதகர். இங்கே எழுதியவர் வரி விதிக்க வந்த உத்தியோகஸ்தர். இரண்டு ஊர்களின் சரித்திரமும் பிற்பாடு நமக்குக் கிடைத்திருக்கும் விதத்தில் உள்ள வேற்றுமை முழுவதற்கும் இதுவே மூலம்.

வடக்குக் கடற்கரையில், ஸதர்லாந்து ஜில்லாவைச் சேர்ந்த ஃபார் என்னும் பங்கை உதாரணமாகக் கொள்வோம். கடலோரப் பங்கு என்று பெயரே ஒழிய, 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரையில் அதன் ஜனங்களிற் பெரும்பாலோர் கடலை நம்பி வாழ்ந்தவரல்லர். நேவர் என்னும் ஆறு மலைகளினின்று இறங்கி வரும் ஸ்ட்ராத்நேவர்ப் பள்ளத்தாக்கில், கேலிக் பாஷை பேசி, மாடு வளர்த்து, சிறிதளவு தானியம் விதைத்துச் சிறுசிறு குடியிருப்புகளாக வாழ்ந்தவர்கள். கடற்கரையில் 1774-இல் கட்டப்பட்ட கோயிலும், அதன் முற்றத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட சிலுவை செதுக்கிய நெடுங்கல் ஒன்றும் நின்றன. ஸின்கிளேரின் நூல் அச்சேறிய காலத்து ஃபார் அப்படித்தான் இருந்தது.

அதன்பின் வந்தது ஆடு. செவியட் என்னும் உயர்ந்த ரகச் செம்மறி ஆடுகளை வடபுலத்துக்குக் கொணர்ந்து பரப்பிய முன்னோடிகளில் ஜனங்களைக் கணக்கெடுத்த அதே ஸின்கிளேரும் ஒருவர் என்பது சரித்திரத்தின் விபரீதங்களுள் ஒன்று; குடிகளை அப்புறப்படுத்தாமலே ஆடு வளர்க்கலாம் என்று அவர் நம்பியிருக்கலாம்; மற்றைய பிரபுக்களுக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. ஸதர்லாந்துச் சீமாட்டியின் எஸ்டேட் நிர்வாகிகள் 1814-லும் 1819-லும் ஸ்ட்ராத்நேவர் மக்களை வீடுகளினின்று வெளியேற்றி, மீண்டும் குடியேறாதபடி கூரை மரங்களுக்குத் தீ வைத்தனர். நிர்வாகிகளில் ஒருவரான பாட்ரிக் ஸெல்லர் மீது 1816-இல் இன்வர்னெஸ் நகரில் வழக்கு நடந்து, அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். வெளியேற்றப்பட்டவர்களுக்குக் கடற்கரைப் பாறைகளுக்கிடையே துண்டு நிலங்கள் கொடுக்கப்பட்டன. படகேறி அறியாத மாட்டுக்காரர்கள், தக்க துறைமுகமும் இல்லாத கரையில் மீன் பிடித்துப் பிழைக்குமாறு விதிக்கப்பட்டனர். அவர்களை ஓட்டிய சீமாட்டி எலிஸபெத்தின் செல்லப் பெயரால் அக்கடற்கரைக் குடியிருப்பு இன்றும் பெட்டிஹில் என வழங்குகிறது. அந்தப் பழைய கோயிலில் 1976 முதல் ஸ்ட்ராத்நேவர் காட்சிசாலை நடைபெற்று வருகிறது; வெளியேற்றத்தின் கதையை அங்கே யாரும் காணலாம்.

ஃபாரின் மக்களுக்கு இக்கதி நேர்ந்ததன் காரணம், அவர்கள் எத்தனை தலைமுறை உழுதிருந்தாலும் நிலத்தின் மேல் அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாமையே. பங்கின் விருத்தாந்தத்தில் அவர்கள் எண்ணிக்கை இருந்தது. நிலத்தின் பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை. சிறு குடியானவர்களுக்கு நிலத்தில் நிலைத்த உரிமை வழங்கிய சட்டம் 1886-இல்தான் அந்நாட்டில் நிறைவேறியது.

இனி நம் நதிக்கரைக்கு வருவோம். ஃபாரின் நெடுங்கல் போன்ற கல்லெழுத்துச் சாட்சிகளுக்கு இங்கே குறைவில்லை. வேப்பனப்பள்ளிக்கு அணித்தான சின்னகொத்தூர் வட்டாரமே சரித்திரத்தில் குந்தாணி எனப் பெயர்பெற்ற ஹொய்சளத் தலைநகர். மன்னன் சோமேசுவரன் தன் ராஜ்யத்தை இரண்டாக்கியபோது, 1254-இல் தமிழ்ப் பகுதியைப் பெற்ற ராமநாதன், ஸ்ரீரங்கத்துக்கு அருகிலுள்ள கண்ணனூரினின்று பாண்டியரால் அகற்றப்பட்ட பிறகு, இங்கே வந்தமர்ந்து 1295 வரை அரசு செலுத்தினான். அவன் மகன் விசுவநாதனுக்குப் பிறகு, மற்றப் பகுதியை ஆண்ட மூன்றாம் வல்லாளன் இரு பகுதிகளையும் மீண்டும் ஒன்றாக்கினான். காவிரிக்கரைத் தமிழ் அரசியலும் துவாரசமுத்திரத்துக் கன்னட அரசியலும் சந்தித்து நின்ற அவ்விடத்தைச் சுற்றி, ஆநிரை மீட்டும் போரிலும் மாண்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் இன்றும் நிற்கின்றன. வாளும் கேடயமும் ஏந்தி நிற்கும் வீரன், அவனைத் தேவமகளிர் மேலுலகுக்கு அழைத்துச் செல்லும் மேற்பகுதி, இவற்றின் மேல் ஊர்மக்கள் இட்ட மஞ்சள், குங்குமம் என்பவற்றோடு, பல கற்கள் இங்கே இன்னும் வழிபடு தெய்வங்களாகவே இருக்கின்றன.

பின்னர் விஜயநகரத்தின் சார்பில் ஜகதேவராயர் இப்பக்கத்தை ஆண்டார். அவர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் மலைக்கோட்டைகளில் ஒன்றான மகாராஜாகடை, வேப்பனப்பள்ளிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே இன்றும் ஊர்ப் பெயராக நிலைத்திருக்கிறது. பீஜப்பூர், மராட்டியர், மைசூர், கடப்பை நவாபு எனக் கைமாறிக்கொண்டே வந்த இப்பூமி, ஐதர் அலியின் காலத்தில் ஆங்கிலேயருக்கும் மைசூருக்கும் இடையே போர்ப்பாதையாயிற்று. 1768-இல் கிருஷ்ணகிரிக் கோட்டை ஆங்கிலேயர் வசமாகிப் பின் திரும்பியது. 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் என்பவர் அதை இரவில் தாக்கித் தோற்றார். படை வரும் வழியிலுள்ள கிராமத்துக்கு எந்தப் படை என்பது முக்கியமன்று. தானியம் போயிற்று, மாடு போயிற்று, குடிகள் காட்டுக்கு ஓடினர் என்பதே முக்கியம். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் திப்பு சுல்தான் பாராமகாலை ஆங்கிலேயக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தபோது, அவர்கள் பெற்றது இத்தகைய அலைக்கழிந்த பூமியையே. ஓசூர்ப் பக்கம் மட்டும் மேலும் ஏழாண்டு மைசூரின் கீழிருந்து, 1799-இல் திப்பு வீழ்ந்த பின்னர்ச் சேர்ந்தது.

பாராமகாலை நிர்வகிக்க நியமிக்கப்பட்டவர் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட். அதற்கு முன் ஆம்பூரில் மைசூரைப் பற்றிய உளவுச் செய்திகளைத் திரட்டும் வேலையில் இருந்தவர். சுதேச பாஷைகள் அறிந்தவர். அவருக்கு உதவியாளராய் வந்த மூவர் மக்லியாட், கிரஹாம், தாமஸ் மன்றோ. மன்றோ கிளாஸ்கோ நகரத்து வியாபாரி ஒருவரின் மகன், 1761-இல் பிறந்தவர், அப்போது முப்பது வயதை எட்டியிருந்தவர். பிற்காலத்தில் சென்னை ராஜதானியின் கவர்னராகி, 1827-இல் பத்திக்கொண்டையில் வாந்திபேதி கண்டு மாண்டு, சென்னைத் தீவுத்திடலருகே குதிரை மேல் சிலையாக நிற்கும் அந்த மன்றோ, நிலவரி என்னும் கலையின் அரிச்சுவடியைக் கற்றது தர்மபுரியில் தங்கியிருந்த அந்த ஏழு ஆண்டுகளில்தான்.

மேலிடத்து ரெவினியூ போர்டார் விரும்பியது, கிராமங்களை ஐந்தாண்டுக் குத்தகையாக விட்டு நிச்சயமான தொகையைப் பெறுவதே. ரீட் முதலில் அவ்வழியே சென்றார். ஆனால் நிலத்தை அளக்காமல் குத்தகை எப்படி நிர்ணயிப்பது? அளவைக்காரர்கள் வயலில் இறங்கினர். ஒருவன் சங்கிலியின் தலைப்பைப் பிடித்து வரப்போரம் நடக்க, மற்றொருவன் மறுமுனையைப் பிடிக்க, மணியக்காரர் இன்னாருடைய நிலம் என்று உரத்துச் சொல்ல, புஞ்சை, நஞ்சை, தோட்டம் என்ற பிரிவும், செம்மண், கரிசல், மணல் என்ற மண்வகையும் கணக்கில் ஏற, கர்ணத்தின் பழைய கணக்கோடு அது ஒப்பு நோக்கப்பட்டது. கன்னட தேச எல்லையை ஒட்டிய ஊர்களில் கணக்கர்கள், கரி பூசிய துணிச்சுவடியில் மாக்கல்லால் எழுதி, வேண்டாததை அழித்து மறுபடி எழுதிக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள். அழித்தெழுதக்கூடிய அந்த ஏட்டிலிருந்து அழிக்கலாகாத காகிதத்துக்கு ஊரின் கணக்கு மாறியது. இந்தப் பயிற்சியைத்தான் மன்றோ 1800-க்குப் பின் பெல்லாரி, கடப்பை ஜில்லாக்களுக்குக் கொண்டு சென்றார். அங்கே அவர் வழங்கிய 33 அடிச் சங்கிலிக்குச் சதுரமான இடம் ஒரு குண்டை. 40 குண்டை ஓர் ஏக்கர்.

அளந்து பார்த்ததில் அதிகாரிகளுக்குத் தெரிந்த உண்மை, இந்த வானம் பார்த்த பூமியில் குடியானவன் ஐந்தாண்டுக்கு வாக்குக் கொடுக்க அஞ்சுகிறான் என்பதாகும். மழை பெய்த ஆண்டில் பத்து வயல் உழுபவன், பெய்யாத ஆண்டில் நான்கைத் தரிசாகப் போடுகிறான். அவனை ஐந்தாண்டுக்குக் கட்டினால் மூன்றாம் ஆண்டில் ஊரைவிட்டே போகிறான். ஆகவே 1796 டிசம்பர் 10-ஆம் தேதி ரீட் வெளியிட்ட பிரகடனத்தின் சாரம், ஒவ்வொரு வயலுக்கும் வரி நிலையாக நிர்ணயிக்கப்படும்; எந்த வயலை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பது ஆண்டுதோறும் குடியானவன் இஷ்டம் என்பதே. ரயத்துவாரி முறை என்று பின்னாளில் தென்னிந்தியா முழுவதும் பரவிய ஏற்பாட்டின் பிறப்பிடம் இதுவாகும். ஆரம்பத்தில் அதற்கு எதிராக இருந்த மன்றோ, கண்ணெதிரே கண்டதனால் மனம் மாறி, அதன் பெரும் ஆதரவாளரானார் என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று.

இதைக் கேட்டுக் கும்பினியார் குடிகளுக்கு வரப்பிரசாதம் அளித்துவிட்டதாக எண்ணிவிடலாகாது. விதித்த வரி கடுமையானது. பத்தாண்டு முடிவதற்குள் மேலிடத்தார் மனம் மாறி, நாட்டை மிட்டாக்களாகத் துண்டாடி ஏலத்தில் விற்றனர். மிட்டாதாரர் பலர் வரி கட்ட மாட்டாமல் நொடித்து, மிட்டாக்கள் மறுபடி சர்க்காரிடமே வந்து விழுந்தன. மன்றோ கவர்னரான 1820-ஐ ஒட்டித்தான் ரயத்துவாரி மீண்டும் நிலைபெற்றது. 1876 முதல் 1878 வரையில் நிகழ்ந்த தாதுவருஷப் பஞ்சத்தில், பட்டா இருந்தும் குடிகள் மடிந்தனர்: 1871-இல் ஏறத்தாழ 19 லட்சத்து 66 ஆயிரமாக இருந்த சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1881-இல் ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்தது. ஆனாலும் ஃபாரின் உழவனுக்கு 1886 வரையில் கிட்டாத ஒன்று, வயலின் எல்லையோடு சேர்ந்த தன் பெயர், நம் நதிக்கரைக் குடியானவனுக்குத் தொண்ணூறு ஆண்டு முன்னரே ஒரு கணக்கேட்டில் ஏறியிருந்தது. ஆட்டுக்காக ஒரு பள்ளத்தாக்கையே காலி செய்விக்கும் பிரபு இங்கே உருவாகாமற் போனதற்கு அந்தக் கணக்கேடும் ஒரு காரணம்.

ரீடும் அவர் உதவியாளர்களும் வரிக் கணக்கோடு நில்லாமல், குடிகளின் ஜாதிகள், சடங்குகள், தொழில்கள், விளைபொருள்கள், வியாபாரம், சுங்கம் ஆகியவற்றையும் எழுதித் தொகுத்தனர். அவை நூறாண்டுக்கு மேல் கையெழுத்துப் பிரதிகளாகவே கிடந்து, 1907 முதற்கொண்டு பாராமகால் ரிகார்டுகள் என்ற பெயரால் சென்னை அரசாங்க அச்சகத்தில் பகுதி பகுதியாக அச்சாயின. ஸின்கிளேரின் தொகுதிகளுக்கு நம் நாட்டில் நிகரானது ஏதேனும் உண்டெனில், அது இதுவே. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பவர்க்கு ஒரு பேதம் புலப்படாமற் போகாது: போதகர் தம் பங்கை விவரிக்கும்போது பக்கத்து வீட்டாரைப் பற்றிப் பேசுகிறார், ரீடின் ஏட்டில் ஜாதி உண்டு, வழக்கம் உண்டு, விளைச்சல் உண்டு, ஆனால் ஆள் இல்லை.

இந்தக் குறையை ஓரளவு நிரப்ப முயன்றவரும் ஸ்காட்லாந்துக் கடலோரத்தவரே. லூயிஸ் தீவின் ஸ்டோர்னவே என்னும் மீன்பிடித் துறையில், ஸின்கிளேர் பிறந்த அதே 1754-ஐ ஒட்டிப் பிறந்த காலின் மெக்கன்ஸி, 1799-க்குப் பின் பத்தாண்டு காலம் மைசூர் ராஜ்யத்தின் எல்லைகளை அளந்தார்; 1815-இல் இந்தியாவின் முதல் ஸர்வேயர் ஜெனரலானார். நிலத்தை அளக்கப் போன இடமெல்லாம் அந்நிலத்தின் கதையையும் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது; அதைக் கேட்கத் தம்மால் ஆகாது என்றும் தெரிந்திருந்தது. ஆகவே காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா முதலான நம் நாட்டு அறிஞர்களை ஊர் ஊராக அனுப்பி, கல்வெட்டுகளைப் படியெடுக்கவும், கர்ணங்களிடமும் கோயிற் பட்டர்களிடமும் ஊர்ச் சரித்திரத்தைக் கேட்டு எழுதவும் செய்தார். கைபீது எனப்படும் அவ்வூர்க் கதைகளிற் பெரும்பகுதி இன்றும் சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. அவற்றில் புராணம் உண்டு, மிகை உண்டு, காலக் குழப்பம் உண்டு. ஆனால் பேசுவது ஊர். தகவல் நோக்கில் ரீடின் ஏடு உயர்ந்தது. சரித்திர நோக்கில் எனக்குக் கைபீதே உயர்ந்ததாகப் படுகிறது.

அதன்பின் சென்ற இருநூறு ஆண்டுகளில் இவ்வூர் எத்தனையோ மாறுதல்களைக் கண்டும், அவற்றை ஊரார் எழுதிவைக்கவில்லை. 1965-இல் சேலத்தினின்று தர்மபுரி ஜில்லா பிரிந்தது. 2004-இல் தர்மபுரியினின்று கிருஷ்ணகிரி பிரிந்தது. 2011-இல் வேப்பனப்பள்ளி தன் பெயராலேயே ஒரு சட்டசபைத் தொகுதியாக முதல் தேர்தலைக் கண்டது. பரம்பரைக் கர்ணங்களின் பதவி 1980-இல் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். ஊர்க் கணக்கு தலைமுறைக் கணக்காக இருந்தது அன்றோடு முடிந்தது. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின்னர், ஏர் பிடித்தவர்களின் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் வேலைக்குப் போகின்றனர். மாங்காய்க் கூழ்த் தொழிற்சாலைகளும் கருங்கல் குவாரிகளும் பூமியின் முகத்தையே மாற்றியிருக்கின்றன. மார்க்கண்டேய நதியின் மேற்புறத்தில் கர்நாடகம் யார்கோலில் அணை கட்டிய விவகாரத்தில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் மனுவைத் தள்ளுபடி செய்தது. நதியில் முன்பு எவ்வளவு நீர் எந்த மாதங்களில் ஓடிற்று என்று கரையோரத்தார் ஆண்டுதோறும் குறித்து வைத்த ஏடு இருந்திருந்தால், அது எவ்வளவு மதிப்புள்ள சாட்சியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது நலம்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் பேசப்படும் ஊர் இது. ஒரே வீட்டில் இரண்டு பாஷை வழங்குவதும் இங்கே விசேஷமன்று. இப்படிப்பட்ட ஊரின் விருத்தாந்தத்தை வெளியூர் ஆராய்ச்சியாளர் வந்து எழுதுவார் என்று காத்திருப்பது வீண். ஸ்காட்லாந்தில் பங்குகளின் விருத்தாந்தம் ஒருமுறையோடு நின்றுவிடவில்லை: 1834 முதல் 1845 வரையில் இரண்டாம் முறையும், 20-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் முறையும் எழுதப்பட்டது. ஸ்ட்ராத்நேவரில் ஆடு வருவதற்கு முன் எப்படியிருந்தது, வந்தபின் எப்படியாயிற்று என்று இன்று ஒருவர் ஒப்பிட்டுச் சொல்ல முடிவது அதனாலேயே.

நமக்குப் போதகர் இல்லாவிட்டால் என்ன? பஞ்சாயத்து ஒன்றியத்தின் கீழ் ஒவ்வொரு கிராமத்திலும் பள்ளிக்கூடம் உண்டு, வாத்தியார் உண்டு, மேல்வகுப்பு மாணவர் உண்டு. கிராம சபை ஆண்டுக்குப் பலமுறை கூடுகிறது. 160 வினாக்கள் வேண்டியதில்லை, இருபது போதும். ஊரில் எத்தனை நடுகற்கள், அவை எங்கே நிற்கின்றன, யார் பூஜை செய்கின்றனர். ஏரி கடைசியாக எந்த ஆண்டு நிரம்பி மறுகால் போயிற்று. கிணற்றில் நீர் எத்தனை அடியில் இருந்தது, இப்போது ஆழ்குழாய் எத்தனை அடி. எந்தக் கேழ்வரகு ரகம் விதைப்பது நின்றுபோயிற்று. யானை முதலில் எந்த ஆண்டு வயலுக்கு வந்தது. எத்தனை பேர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகின்றனர். பாட்டி எந்தப் பாஷையில் தாலாட்டுப் பாடினாள், பேத்தி எந்தப் பாஷையில் படிக்கிறாள். இவற்றுக்கு விடை சொல்லத்தக்க முதியவர்கள் இன்னும் திண்ணைகளில் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு, பெயரும் ஆண்டும் இட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பள்ளிக்கூட அலமாரியில் ஒரு பிரதியும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரதியும் வைக்கும்படி வேப்பனப்பள்ளி வட்டாரத்து ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற கோடை விடுமுறையிலேயே அதைத் தொடங்கலாம்.